மடித்து வைத்த சரணம்

தொண்ணூறுகளில் வந்த இங்கிலீஷ் பாட்டைப் பற்றி என் அக்காவிடம் பந்தயம் கட்டினால் மூக்குடைபடுவது நிச்சயம். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் டிரம்மர் இருமினான், எந்தக் குழு எந்த ஆல்பத்தோடு அடித்துக்கொண்டு பிரிந்தது, எந்தப் பாடகி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாடுவேன் என்று அடம்பிடித்தாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலையில் அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகும். 'ஸ்லோ டிக்கெட்ஸ்' குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் விசில் அடித்தது பாடகன் இல்லை, ஸ்டுடியோவைப் பெருக்க வந்த ஆள் என்பது மட்டும் மறக்கவே மறக்காது.

எங்கள் பகுதி நூலகத்தின் மாடியில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு இதற்கென்றே ஒரு வினாடி வினா நடக்கிறது. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். கேள்வியைக் கேட்டுவிட்டு நம் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார், தொழில் பழக்கம். தொடர்ந்து ஆறு மாதம் ஜெயிக்கும் ஜோடியின் பெயரை நூலக வாசலில் இருக்கும் மரப்பலகையில் எழுதுவார்கள். நானும் அக்காவும் ஐந்து மாதம் ஜெயித்திருந்தோம்.

ஜெயித்தோம் என்று சொல்வது சும்மா பேச்சுக்கு. ஜெயித்தது அவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு பாட்டைப் பற்றி மட்டும் அவளைவிட எனக்கு அதிகம் தெரியும். அதை முப்பது வருஷமாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவளுக்கு அது தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் எனக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பாளா என்பதுதான் என் பயம்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது, அவளுக்கு இருபத்தேழு. எங்கள் அம்மாவின் தம்பி பஸ் நிலையத்துக்கு எதிரே காசெட் கடை வைத்திருந்தார். ஒரு ஷட்டர் அகலம்தான் கடை. உள்ளே நான், மாமா, இரண்டு டேப் டெக், ஒரு சிடி பிளேயர், டெக்கைத் துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசனை. காசெட் விற்பதைவிட ரெக்கார்டிங் வேலைதான் அதிகம். துண்டுச் சீட்டில் பத்துப் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். 'அறுபதா, தொண்ணூறா?' என்று கேட்பேன். அறுபது என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம். பாட்டுகளின் நேரத்தைப் பென்சிலால் கூட்டிப் பார்த்து, எது எந்தப் பக்கம் என்று பிரித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த ஹெட்போனுக்குள் இருந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்று இப்போதும் தோன்றுகிறது. வெளியே பஸ்கள் புகை கக்கும், ஆட்கள் கத்துவார்கள், எனக்கு ஒன்றும் கேட்காது. யாரோ ஒருத்தன் எங்கோ ஒரு குளிர் தேசத்தில் மனம் உடைந்து பாடுவான், நான் இங்கே உட்கார்ந்து மார்க்கர் பேனாவால் அவன் பெயரை அட்டையில் எழுதிக்கொண்டிருப்பேன்.

மாமாவுக்கு ஒரு கொள்கை உண்டு. காசெட்டின் பக்கம் முடியும்போது பாட்டு பாதியில் நிற்கக் கூடாது.

"பாடிட்டு இருக்கிறவன் வாயைப் பொத்துற மாதிரி இருக்கும்மா அது. இடம் பத்தலன்னா உள்ள ஒரு சரணத்தை எடுத்துடு. முடிவு ஒழுங்கா இருக்கட்டும். எவனுக்கும் தெரியாது" என்பார்.

இதற்குக் கடையில் மடிப்பு என்று பெயர். நீளமான பாவாடையை உள்ளே மடித்துத் தைக்கிற மாதிரி. டிரம் அடி விழுகிற நொடியில், ரெக்கார்டிங்கை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனை அமுக்க வேண்டும். சிடியை ஒரு சரணம் தள்ளி ஓட்டி, அங்கே அதே அடி விழும்போது பட்டனை விட வேண்டும். அரை நொடி பிசகினாலும் பாட்டு நொண்டும். மாமாவின் மடிப்பு நொண்டும். என் மடிப்பு நொண்டாது. ஊரில் பாதிப் பேர் நான் மடித்துக் கொடுத்ததையே முழுப் பாட்டு என்று நம்பி, குளிக்கும்போது பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

வீட்டில் நிலைமை வேறு. அம்மா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அக்கா அவரைத் துடைத்து, உடை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்கு டைப் அடிக்கப் போவாள். மத்தியானம் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். சாயங்காலம் மறுபடியும் அக்கா. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், நான் கடைக்குப் போனேன்.

அக்காவின் ஆபீஸ் ஆறாவது மாடியில். லிஃப்டைப் பார்க்க மாதம் ஒருமுறை வர வேண்டிய மெக்கானிக் வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தார்.

"இவ்வளவு நல்லா ஓடுற லிஃப்டை இத்தனை தடவை ரிப்பேர் பண்ணி நான் பார்த்ததே இல்லடி வாலு" என்று சாப்பிடும்போது அக்கா சொல்லிவிட்டுச் சிரிப்பாள். வாலு என்பது நான். ஆறு மாடி ஏறி இறங்குவதற்குள் அவர்கள் பேசியதெல்லாம் பாட்டுதான். இந்த வாரம் முதல் இடத்தில் எது, அந்தக் குழு ஏன் பாஸ் கிட்டார்காரனை விரட்டியது என்று அவர் ஒரு துணுக்கு சொல்வார், இவள் இரண்டு சொல்வாள். இன்றைக்கு அவள் மண்டைக்குள் இருக்கிற செய்திகளில் பாதி அந்த லிஃப்டுக்குள் சேர்ந்தவை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த மெக்கானிக் எங்கள் கடைக்கு வந்தார். நகத்தில் கிரீஸ், கையில் சீட்டு. பன்னிரண்டு பாட்டு, அறுபது நிமிட காசெட். கடைசிப் பாட்டு 'ரெயின் அட் கவுன்ட்டர் நைன்'. ஸ்லோ டிக்கெட்ஸின் பாட்டு, பெரிய ஹிட் இல்லை.

"கடைசிப் பாட்டு மட்டும் முழுசா வரணும்மா. ஒரு செகண்ட் கூடக் குறையக் கூடாது."

"யாருக்குங்க இவ்வளவு அக்கறை?" என்று தெரிந்தே கேட்டேன்.

அவர் காது சிவந்தது. "உங்கக்காவுக்குத்தான். என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க, வெள்ளிக்கிழமை பஸ். அவங்ககிட்ட இன்னும் சொல்லல. நேர்ல பார்த்தா பாட்டைப் பத்திதான் பேச வாய் வருது, மத்தது வரமாட்டேங்குது. அதான், பாட்டே சொல்லட்டும்னு."

அவர் போனதும் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். மழை பெய்யும் ஒரு பஸ் நிலையம், டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் ஒருத்தன். மூன்று சரணம் வரைக்கும் மழையைப் பற்றியே புலம்புகிறான். கடைசிச் சரணத்தில்தான் விஷயத்துக்கு வருகிறான். வெள்ளிக்கிழமை ஆறு மணி வரைக்கும் ஒன்பதாவது கவுன்ட்டரில் நிற்பேன், எதையும் எடுத்து வராதே, நீ மட்டும் வா என்கிறான். அப்புறம் ஒரு நீண்ட கிட்டார், பாட்டு முடிகிறது. எங்கள் பஸ் நிலையத்திலும் ஒன்பதாவது கவுன்ட்டர் இருந்தது. என் நாற்காலியிலிருந்து பார்த்தாலே தெரியும்.

காசெட்டில் இடம் இருந்தது. இதை நான் ஒளிக்கப்போவதில்லை. பாட்டை முழுதாகப் போட்டிருந்தாலும் இரண்டு நிமிஷம் வெறும் நாடா மிஞ்சியிருக்கும். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது அப்பாவின் நாற்காலிதான். அக்கா போய்விட்டால் காலையில் அவரைத் துடைக்க வேண்டியது நான். சாயங்காலம் ஓடி வர வேண்டியது நான். இந்தக் கடை, இந்த ஹெட்போன் எல்லாவற்றையும் கை கழுவ வேண்டியதும் நான். கை தானாக பாஸ் பட்டனுக்குப் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். தானாகப் போகவில்லை, நான்தான் அமுக்கினேன். நாற்பத்திரண்டு நொடி. நான் செய்த மடிப்புகளிலேயே சிறந்தது அதுதான்.

மறுநாள் அவர் வந்து, "முழுசா வந்துச்சாம்மா?" என்று கேட்டார். "வந்துச்சு" என்றேன்.

வியாழக்கிழமை லிஃப்டில் வைத்து காசெட்டை அக்காவிடம் கொடுத்து, 'கடைசிப் பாட்டுல எல்லாம் இருக்கு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம், அட்டையில் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவள் அதை நாலு தடவை கேட்டாள். "எவ்வளவு அழகா இருக்கு பாரேன். ஆனா சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிட்டாருக்குப் போயிடுறான். எல்லாம் இருக்குன்னாரே, என்னடி இருக்கு இதுல?" என்றாள். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். மறுநாள் ஐந்து மணியிலிருந்து அவர் பையோடு ஒன்பதாவது கவுன்ட்டரில் நின்றார். ஆறு மணிக்கும் நின்றார். ஆறரைக்குப் பஸ் கிளம்பியது. நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை லிஃப்டுக்கு வேறு மெக்கானிக் வந்தார். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி. மூன்று வருஷத்தில் எனக்குக் கல்யாணம் ஆகி நான் போய்விட்டேன். அப்பா மொத்தம் பதினோரு வருஷம் இருந்தார், அக்கா பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் அவளிடம் கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை, அவளும் எடுக்கவிடவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் போனதும், "வந்துடுடி, தனியா என்ன பண்ணப் போறே" என்று என்னை அழைத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

இந்த முப்பது வருஷமும் அந்தப் பாட்டு அவள் காதில் முழுசாக விழாமல் பார்த்துக்கொள்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரேடியோவில் பெரும்பாலும் பயமில்லை, மூன்றாவது சரணத்திலேயே அறிவிப்பாளர் பேச வந்துவிடுவார். ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டில் அது ஓட ஆரம்பித்தபோது ஜாம் பாட்டில் அடுக்கின்மேல் வேண்டுமென்றே சாய்ந்தேன். ஏழு பாட்டில் உடைந்தது. அக்கா குனிந்து கண்ணாடித் துண்டு பொறுக்குவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அவள் போனில் பழைய பாட்டுகளை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். அந்த ஒன்று மட்டும் கிடைக்கவில்லை என்றேன். அவளும் தேடவில்லை. காசெட்தான் இருக்கிறதே, தலைகீழாகப் பாடமும் ஆகிவிட்டதே, எதற்குத் தேட வேண்டும்?

ஆறாவது மாதப் போட்டிக்கு அக்கா நீலப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் மரப்பலகையைப் பார்த்து, "நம்ம பேரு இங்க வந்தா நல்லா இருக்கும்ல?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். எதிர் ஜோடி டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அண்ணன் தம்பி. கடைசிக் கேள்வி வரைக்கும் எங்களோடு சமமாக வந்துவிட்டார்கள். டாக்டர் சீட்டைப் பிரித்தார்.

"'ரெயின் அட் கவுன்ட்டர் நைன்' பாட்டுல, கடைசிச் சரணத்துல, எத்தனை மணி வரைக்கும் நிப்பேன்னு பாடுறான்? ஒரு நிமிஷம் டைம், பேப்பர்ல எழுதுங்க."

ஆறு என்று ஒரே ஒரு எண்ணை எழுதினால் பலகையில் எங்கள் பெயர். எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். நான் பேனாவை மேஜையில் வைத்துவிட்டேன்.

அக்கா சிரித்தாள். "டாக்டர், கேள்வியே தப்பு. அந்தப் பாட்டுல மூணு சரணம்தான். மூணாவது முடிஞ்சதும் கிட்டார், அதோட பாட்டு முடிஞ்சிடும். மணிக் கணக்கெல்லாம் அதுல வராது."

"இல்லம்மா, வருதே" என்றார் டாக்டர்.

"என்கிட்டயா சொல்றீங்க? முப்பது வருஷமா கேக்குறேன் நான்."

"அப்ப ஆட்சேபம் எழுப்புறீங்களா? எழுப்பினா பாட்டைப் போட்டுக் காட்டுவேன். உங்க பக்கம் தப்புன்னா பாயின்ட் அவங்களுக்குப் போயிடும்."

நான் அவள் கையைப் பிடித்தேன். "வேண்டாம்க்கா. ஏதாவது ஒரு நம்பர் எழுதிட்டு வந்துடலாம்."

"ஏதாவது ஒரு நம்பரா? இந்தப் பாட்டுக்கா?"

"தோத்தா தோத்துட்டுப் போறோம். வாக்கா, வீட்டுக்குப் போகலாம். எனக்குத் தலை வலிக்குது."

"உனக்கு என்னடி ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்று என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினாள். "போடுங்க டாக்டர்."

தட்டிவிட ஜாம் பாட்டில் எதுவும் அங்கே இல்லை. ஸ்பீக்கரில் மழைச் சத்தம் வந்தது, பிறகு அவன் குரல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலால் மேஜையில் தாளம் போட்டாள். முகத்தில் அந்த இருபத்தேழு வயது வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை அழகு அவள், அந்த வயதில் அவளை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது சரணம் முடிந்தது. கிட்டார் தொடங்கும் இடத்தில் அவள் விரல் சரியாக மேஜையில் விழுந்தது. கிட்டார் வரவில்லை, பாடகன் வந்தான்.

அக்கா கண்ணைத் திறந்தாள். நாற்பத்திரண்டு நொடியும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை, ஆறு மணி, எதையும் எடுத்து வராதே. பிறகு அவளுக்குத் தெரிந்த அந்தக் கிட்டார் வந்தது. அதைக் கேட்காமலே எழுந்து, "ஸாரி டாக்டர், என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். பின்னால் டிரைவிங் ஸ்கூல் அண்ணன் தம்பிக்குக் கை தட்டினார்கள்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. சைக்கிள் கடையைத் தாண்டினோம். பிறகு போட்டியில் டாக்டர் கேட்பது போலவே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவரு முழுசா வேணும்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"காசெட்ல இடம் இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. "இருந்துச்சுக்கா. ரெண்டு நிமிஷம் மிச்சமே இருந்துச்சு."

"வந்து நின்னாரா?"

"அஞ்சு மணிக்கே வந்துட்டாரு. ஆறரை வரைக்கும் நின்னாரு. நான் கடையில இருந்து பார்த்தேன்."

அவள் நின்றாள். பூட்டியிருந்த ஒரு கடையின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். நான் தொடப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு மறுபடி நடந்தாள்.

"அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் எங்க இருந்தேன், ஞாபகம் இருக்கா?"

"வீட்லதான். மறுநாள் என் ஃபிரண்டு கல்யாணத்துக்குப் போட்டுக்க என் ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தைச்சுக்கிட்டு இருந்தே." சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என்னை மன்னிச்சுடுக்கா. நீ போயிட்டா அப்பாவை நான் பார்க்கணுமேன்னு பயந்துட்டேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. எனக்கு நான்தான் பெருசாத் தெரிஞ்சேன்."

"தெரியும்."

"திட்டுக்கா. நாலு அடி வேணும்னாலும் அடி."

"எதுக்கு? அடிச்சா உனக்கு ஆறிடும்." அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டுப் படி வரைக்கும் வந்துவிட்டோம். அவள் ஏறாமல் திரும்பி நின்று முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"கடைசியா ஒண்ணு கேக்குறேன். அந்தச் சரணம் எனக்குக் கேட்டிருந்தா, நான் போயிருப்பேனா?"

எத்தனையோ ராத்திரி இதை நினைத்துப் புரண்டிருக்கிறேன், போயிருப்பாள் என்று ஒருநாள், மாட்டாள் என்று மறுநாள். "தெரியலக்கா" என்றேன்.

"எனக்கும் தெரியல. போயிருந்தா அப்பாவை விட்டுட்டுப் போனவளா இருந்திருப்பேன். போகலன்னா, வேணும்னே அப்பா பக்கத்துல இருந்தவளா இருந்திருப்பேன். பதினோரு வருஷம் பார்த்தேனே, அது நானா எடுத்த முடிவுன்னு இருந்திருக்கும். இப்ப ரெண்டும் இல்ல. வேற வழி இல்லாம இருந்தவ, அவ்வளவுதான்." அவள் குரல் உடைந்தது. "என்கிட்ட இருந்து அவரை எடுத்துக்கிட்டேன்னு நீ நினைச்சு அழறே. அவரு இல்லடி. என் முடிவை எடுத்துக்கிட்டே."

சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். நான் கீழேயே நின்றேன்.